ஏரிக்கு மேலே விரிந்த புல்

ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி, குந்தா மலைகளின் மடியில் இருக்கிறது அவலாஞ்சி ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு காலையில் கிளம்பினால் ஏரிக்கரை, சதுப்பு, புல்வெளிச் சரிவு, சோலைக்காட்டின் ஓரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அப்படி நடக்கிறவர்கள் ஏரியைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். சோலைக்குள் நுழைந்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்து மட்டும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, மரம் நட்டா என்ன?"

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆங்கிலேயர் காலம் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இதே எண்ணத்தோடு இந்த மலையில் மரங்கள் நடப்பட்டன. நட்டதன் விளைவை மலை இன்றும் சுமக்கிறது. இந்தப் புல்வெளி எவ்வளவு பழையது, இங்கே மரம் ஏன் தானாக வளர்வதில்லை, கீழே இருக்கும் ஏரிக்கு இந்தப் புல் என்ன செய்கிறது என்பவற்றை ஒரு பகல் நடையிலேயே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும்.

கரையிலிருந்து தொடங்குவோம்

அவலாஞ்சி இயற்கையாக உருவான ஏரி அல்ல. அணை கட்டித் தேக்கிய நீர். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்துக்காக, பக்கத்திலுள்ள எமரால்டு அணையோடு சேர்த்து 1960-களின் தொடக்கத்தில் இது கட்டி முடிக்கப்பட்டது. இங்கே தேங்கும் நீர் சுரங்கக் குழாய்களில் இறங்கி மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, குந்தா ஆறு வழியாகப் பவானியில் சேர்கிறது. பவானிசாகர் அணையைத் தாண்டி ஈரோடு மாவட்டத்து வயல்களில் பாயும் தண்ணீரில் இந்த மலையின் பங்கும் உண்டு.

மார்கழி, தை மாதக் காலைகளில் ஏரியின்மேல் வெண்புகை எழுந்து ஊர்வதைப் பார்க்கலாம். தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். இரவில் காற்று சட்டென்று குளிர்ந்துவிட, ஏரி நீர் மட்டும் பகல் சூட்டில் கொஞ்சத்தை வைத்திருக்கிறது. அந்த வெதுவெதுப்பில் எழும் நீராவி மேலே உள்ள குளிர்காற்றைத் தொட்டதும் நுண்துளிகளாகச் சுருங்கிவிடுகிறது. அதுதான் நாம் காணும் புகை. வெயில் ஏறிக் காற்று சூடானதும் காணாமல் போய்விடும்.

மூடுபனியைத் தாண்டிச் சரிவுகளைப் பார்த்தால், இந்த நிலப்பரப்பின் அமைப்பு ஒரே பார்வையில் புலப்படும். மலையின் முதுகும் தோளும் முழுக்கப் புல். மலை மடிந்து குழியும் இடங்களில், நீரோடை வழிகளில், கரும்பச்சையாகச் சோலைக்காடு. இரண்டுக்கும் இடையிலான எல்லை கத்தியால் அறுத்ததுபோலத் துல்லியமாக இருக்கும். இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல், பத்தடி தள்ளி அந்தப் பக்கம் பாசி படர்ந்த மரங்கள். நடுவில் புதரோ இளமரமோ அநேகமாக இருக்காது. நீலகிரி, பழனி, ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் எல்லாம் இதே அமைப்புதான். எல்லை ஏன் இப்படி ஒரு கோடாக நிற்கிறது என்ற கேள்வி இயற்கை ஆய்வாளர்களை நெடுங்காலம் குடைந்திருக்கிறது.

சதுப்பில் ஒரு செடி

விடையைத் தேடும்முன் பள்ளத்தில் இருக்கும் சதுப்பில் குனிந்து பார்ப்பது நல்லது. மழைக்காலத்தின் பின்பாதியில் வந்தால், ஈரப் புல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு மெல்லிய செடி தென்படும். அதன் இலை ஒவ்வொன்றும் மிளகைவிடச் சற்றே பெரிய பிறை. பிறையின் ஓரமெங்கும் சிவந்த மயிரிழைகள். ஒவ்வொரு இழையின் நுனியிலும் கண்ணாடிபோல ஒரு சொட்டு. வெயில் ஏறிய பிறகும் அது உலராது, ஏனென்றால் அது பனித்துளி அல்ல, பசை. தேன் என்று நம்பி வந்து அமரும் சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொள்கிறது. துடிக்கத் துடிக்கப் பக்கத்து இழைகளும் அதன்மேல் வளைகின்றன. செடி சுரக்கும் செரிமான நீர் பூச்சியின் உடலைக் கரைக்கிறது. கரைந்ததை இலை உறிஞ்சிக்கொள்கிறது. டிரோசெரா என்பது இந்தச் செடியின் பேரினப் பெயர்.

பச்சை இலை இருந்தும், வெயில் இருந்தும் இந்தச் செடி ஏன் பூச்சி பிடிக்கிறது? வேண்டியது மாவுச்சத்து அல்ல, நைட்ரஜன். சதுப்பு மண் எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கிறது. அதனுள் ஆக்சிஜன் இல்லை, புளிப்புத்தன்மை அதிகம். இலை தழைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே சுறுசுறுப்பாக வேலை செய்ய முடியாது. செத்த புல்லில் இருக்கும் நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்புவதே அரிது. ஆகவே செடி தன் பங்கைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்து மண் காய்ந்தால் தண்டு பட்டுப்போகும். நிலத்தடியில் இருக்கும் சிறு கிழங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இந்த மட்காமை இன்னொன்றையும் செய்கிறது. ஆண்டுதோறும் சாய்ந்து விழும் புல் முழுதாக அழியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, கறுத்த கரிமண்ணாகிறது. இதைப் பீட் என்பார்கள். நீலகிரியில் பள்ளத்தாக்குகளின் அடியில் இது பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து வந்திருக்கிறது. புல்வெளியின் வயதைப் பற்றிய சான்று இந்தக் கரிமண்ணில்தான் கிடைத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

உறைபனி எழுதும் எல்லை

சதுப்பிலிருந்து சரிவில் ஏறினால் புல்லின் குணம் மாறுகிறது. இங்கே புல் தரைவிரிப்பாகப் பரவாமல் தூர் தூராக நிற்கிறது. ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தால், வெளியே காய்ந்து பழுப்பேறிய பழைய இலைகள் அடர்த்தியாகச் சுற்றியிருக்கும். அவற்றின் நடுவே, தரைமட்டத்தை ஒட்டி, வெளிறிய பச்சையில் குருத்து. புல் வளரும் இடம் அதுதான். மேலே இருக்கும் இலை கருகினாலும், மாடு கடித்தாலும், தீ கடந்து போனாலும் குருத்துக்கு ஒன்றும் ஆகாது.

குருத்தை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய தேவை குளிர்காலத்தில் தெரியும். கார்த்திகையை ஒட்டி நீலகிரியில் முதலில் நீர்ப்பனி விழும். அதைத் தொடர்ந்து உறைபனி. பகலில் 20 டிகிரி செல்சியசைத் தொடும் வெப்பம், மேகமில்லாத இரவில் புல்தரையில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும். பூமி இரவு முழுவதும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வானில் மேகமோ காற்றில் ஈரமோ இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வறண்ட, தெளிந்த வானில் திரும்பிவருவது குறைவு. அதனால் தரையும் புல்நுனியும் காற்றைவிட வேகமாகக் குளிர்கின்றன. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி காட்டும்போதே காலடியில் பனி படிந்திருப்பது இதனால்தான்.

சோலைக்குள் கதை வேறு. மரங்களின் இலைக்கூரை தரையின்மேல் கம்பளி போர்த்தியதுபோல நிற்கிறது. தரையிலிருந்து எழும் வெப்பத்தை இலைகள் வாங்கி, அதில் ஒரு பங்கைக் கீழேயே திருப்பி அனுப்புகின்றன. வெளியே புல் வெள்ளையாக உறைந்திருக்கும் அதே இரவில் சோலையின் தரை உறைவதில்லை.

இப்போது ஒரு சோலை மரத்தின் விதை, பறவையின் எச்சத்தோடு புல்வெளியில் விழுவதாக வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அது முளைக்கவும் செய்யலாம். அதன் குருத்து இருப்பதோ தண்டின் நுனியில், திறந்த வானத்துக்குக் கீழே. உறைபனி இரவில் அதன் திசுக்களில் பனிப்படிகங்கள் உருவாகின்றன. செல்களிலிருந்து நீரை அவை வெளியே இழுக்கின்றன. விடிந்ததும் மலையுச்சியின் கூரிய வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. குளிரில் விறைத்த இலையால் அவ்வளவு ஒளியைக் கையாள முடியாது. ஒளிச்சேர்க்கை செய்யும் உறுப்புகளே சேதமாகின்றன. நாற்று கருகிவிடுகிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: சோலையும் புல்வெளியும் அருகருகே தனித்தனியாக நிலைத்திருப்பதற்கு உறைபனி முக்கியக் காரணம். புல்வெளியில் வளர வந்த சோலை நாற்றுகளை உறைபனி கொல்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்த சீகை மரத்தின் நாற்றுகளோ அதைத் தாங்கிவிடுகின்றன.

இந்த விதியை மீறி நிற்கும் ஒரு மரத்தையும் நடையில் சந்திக்கலாம். புல்வெளி நடுவே தனியாக, முறுக்கிய தண்டோடு, பிளந்த தடித்த பட்டையோடு நிற்கும் ரோடோடென்ட்ரான். தமிழில் காட்டுப்பூவரசு என்று சொல்கிறார்கள். பனியையும் தீயையும் தாங்கும் இதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்கின்றன. இரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாக இது பூத்து நிற்கும்போது, சாம்பல் பூத்த குளிர்காலப் புல்லில் தொலைவிலிருந்தே தெரியும்.

இருபதாயிரம் ஆண்டுச் சாட்சி

உறைபனி இன்றைய நிலையை விளக்குகிறது. ஆனால் ஒரு சந்தேகம் நெடுநாள் நீடித்தது. ஒரு காலத்தில் மலை முழுவதும் சோலையாகவே இருந்து, மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மேய்த்தும் அதைப் புல்லாக்கிவிட்டார்களோ? அப்படியானால் மரம் நடுவது பழைய காட்டை மீட்பது ஆகிவிடும். நடவுக்கு நியாயம் சொன்னவர்கள் இதைத்தான் நம்பினார்கள்.

இந்தச் சந்தேகத்துக்கு விடை சொன்னது சதுப்பின் கரிமண். காற்றில் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குச் சற்றே கனமான கார்பன்-13-உம் உண்டு. மரங்களும் சோலைச் செடிகளும் ஒளிச்சேர்க்கையின்போது கனமானதை ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. இவற்றைச் சி3 தாவரங்கள் என்பர். சோளம், கரும்பு, மலைப்புற்களில் பெரும்பாலானவை வேறு வழியில் கார்பனைப் பிடிக்கின்றன. அவை சி4 தாவரங்கள். கனமான கார்பனை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. செடி செத்து மண்ணோடு மண்ணானாலும் இந்த விகிதம் மாறாமல் நிற்கிறது. ஆகவே கரிமண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கார்பன்-14 முறையில் கண்டு, கனமான கார்பனின் அளவைப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் அங்கே மரம் மிகுந்திருந்ததா புல் மிகுந்திருந்ததா என்று சொல்லிவிடலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிக் கரிமண்ணில் இதைச் செய்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், இந்த மலையில் சி4 புல் ஓங்கியிருந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்த காலத்தில் சி3 தாவரங்கள் பெருகின. பிறகு வறண்ட காலங்களில் புல் மறுபடி விரிந்தது. சோலையும் புல்லும் ஒன்றையொன்று நெருக்கியும் விலகியும் இந்த மலையைப் பங்கிட்டுவந்திருக்கின்றன. மனிதர்கள் இங்கே மாடு ஓட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்தது என்பதில் ஐயமில்லை.

பனியுகத்தில் புல்லின் கை ஓங்கியதற்கு வறட்சியோடு இன்னொரு காரணமும் உண்டு. அன்று காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவில்தான் இருந்தது. சி4 தாவரங்களுக்கு அந்த வாயுவை இலைக்குள் செறிவாகச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் பற்றாக்குறையிலும் அவை பிழைத்தன. இன்று அந்த அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. புல்லுக்கு இருந்த அந்தச் சாதகம் கரைந்துவருகிறது. இரவுகள் வெதுவெதுப்பாகி உறைபனியும் குறையுமானால், புல்வெளியை இவ்வளவு காலம் காத்த இரண்டு காவல்களும் ஒரே நேரத்தில் தளரும்.

நீண்ட வரலாறு கொண்ட நிலம் என்பதை அங்கே வாழும் உயிர்களும் சொல்கின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தென்னிந்தியாவின் இந்த உயரமான புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கூடு கட்டுவது தரையில், புல்லின் மறைவில். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். அவலாஞ்சிக்கு மேற்கே உள்ள முக்குருத்தி தேசியப் பூங்கா அதன் முக்கிய உறைவிடங்களில் ஒன்று. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் இந்தப் புல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்திருக்கின்றன. வில்போல வளைந்த கூரை கொண்ட அவர்களது கோயிலை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். சதுப்பு போனால் அந்தப் புல்லும் போகும்.

மரம் குடித்த ஓடை

நடையின் ஏதோ ஒரு திருப்பத்தில் வழி இருண்டு போகும். நெருக்கமான மெல்லிய தண்டுகள், அடியில் காய்ந்த சருகு, அநேகமாகப் பறவைக்குரலே இல்லாத ஒரு காடு. இது சீகை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடத் தேவையான டானின் இதன் பட்டையில் உண்டு என்பதால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருமளவில் நட்டார்கள். அதற்கு முன்பே, விறகுக்கும் பின்னர் ஆலைகளுக்கும் கற்பூர மரமான யூகலிப்டஸ் வந்துவிட்டது. பெரும்பாலும் நட்டது புல்வெளியில்தான், ஏனென்றால் அதுதான் 'காலி'யாகத் தெரிந்தது. பழனி மலையில் மட்டும் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இப்படியும் விவசாயத்தாலும் மறைந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு கணக்கிட்டது.

இதனால் தண்ணீருக்கு என்ன ஆனது என்பதற்கு நீலகிரியிலேயே தெளிவான அளவீடு இருக்கிறது. ஊட்டியிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை அளந்துவிட்டு, 1972-இல் ஒன்றின் பரப்பில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். மற்றொன்றைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட பகுதியிலிருந்து கிடைத்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு தழைத்துவந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கோடையின் மெலிந்த நீரோட்டம் இன்னும் கடுமையாக அடிபட்டது. அதைக் காட்டும் குறியீடு முதல் சுழற்சியில் பாதியாகவும், இரண்டாவதில் ஏறக்குறைய கால்பங்காகவும் சரிந்தது.

காரணம் புல்லின் இயல்பில் இருக்கிறது. மழை முடிந்து வெயில் ஏறியதும் மலைப்புல் பொன்னிறமாகக் காய்ந்து, நீர் உறிஞ்சுவதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. மழைக்காலத்தில் தாவர மட்கு செறிந்த கருமண்ணுக்குள் இறங்கிய நீர், கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குக் கசிகிறது. கற்பூர மரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் பச்சை இலை, ஆழமான வேர். வறண்ட மாதங்களிலும் அது மண்ணிலிருந்து நீரை இழுத்து இலை வழியே காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. மழைக்கால வெள்ளத்தை மரம் கொஞ்சம் தணித்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதற்காக ஓடை கொடுத்த விலை, நமக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாசி, பங்குனி மாதங்களின் நீர்.

அவலாஞ்சியில் மழைக்குக் குறைவில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான 24 மணி நேர மழை 820 மில்லிமீட்டர். சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேல். ஆனால் தென்மேற்குப் பருவம் கொட்டிவிட்டுப் போனபின் வரும் நீண்ட வறண்ட மாதங்களில் ஏரியை நிரப்புவது வானம் அல்ல. மேலே உள்ள மண். அந்த மண்ணின்மேல் என்ன வளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மின்நிலையத்துக்கும் சமவெளிக்கும் தண்ணீர் வருகிறது.

மீட்பு எளிதல்ல

சீகையை வெட்டிவிட்டால் புல் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெளிச்சம் பட்டாலோ, தீப்பட்டாலோ ஆயிரக்கணக்கில் முளைக்கும். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் காற்றின் நைட்ரஜனை வேரில் சேர்த்து மண்ணையும் மாற்றிவிடுகிறது. சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அது சாதகமல்ல. சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை நாற்றுகள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டுவது நல்லதைவிடக் கேடே அதிகம் செய்யும். ஆகவே எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று இடத்துக்கு இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாட்டுப் புல்லின் நாற்றுகளை வளர்த்து நடவும், முளைத்துவரும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்கவும் ஆட்களும் பணமும் தேவை. வேலை மெதுவாகத்தான் நகரும். இருக்கும் புல்வெளியைத் தொடாமல் விடுவது இதையெல்லாம்விட மலிவு, உறுதி.

நடக்கப் போகிறவர்கள் செய்யக்கூடியதும் இதிலிருந்தே வருகிறது. ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் நடந்தால் தூர்களும் தரைக்கூடுகளும் மிதிபடாமல் தப்பும். சதுப்பின் குறுக்கே போகாமல் சுற்றிப்போவது நல்லது. விதைப்பந்தோ மரக்கன்றோ எடுத்துப்போக வேண்டாம். ஊருக்குத் திரும்பியபின், 'தரிசு' என்று யாராவது ஒரு புல்வெளியைக் காட்டி மரநடு விழாவுக்கு அழைத்தால், இங்கே முன்பு என்ன வளர்ந்தது, இதன் தண்ணீர் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். காடு அழிந்த இடத்தில் மரம் நடுவது கடமை. புல்வெளியைப் புல்வெளியாக விட்டுவைப்பதும் அதே கடமையின் இன்னொரு பாதி.